அமெரிக்கக் கார் ஒப்பந்தங்களில் நடுவர் தீர்ப்பு ஷரத்து: டீலர் நின்ற இரு பக்கங்கள்

அமெரிக்காவில் கார் வாங்குபவரும், அதற்கு நீட்டித்த சர்வீஸ் ஒப்பந்தம் எடுப்பவரும் கையெழுத்திடும் தாள்களில் ஒரு ஷரத்து அடிக்கடி தென்படும். தகராறு வந்தால் நீதிமன்றம் போக முடியாது, தனியார் நடுவர் சொல்வதே முடிவு என்பது அதன் சாரம். இதைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் நிறுவனம், நுகர்வோர் என்ற இரு தரப்போடு நின்றுவிடுகின்றன. நடுவில் இருக்கும் டீலரைப் பின்தொடர்ந்தால் கதை வேறாகத் தெரிகிறது.

1925இல் வந்த கூட்டாட்சி நடுவர் தீர்ப்புச் சட்டம் வணிகர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் உடன்பாடுகளை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. பேரம் பேசும் வலு இல்லாதவரிடம் நீட்டப்படும் அச்சடித்த படிவம் அன்று யாருக்கும் பெரிய கவலையாக இல்லை. அந்தப் படிவத்தின் அநியாயத்தை 1960இல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 468 மைல் மட்டுமே ஓடிய புதிய பிளிமத் கார் ஸ்டீயரிங் பழுதாகிச் சுவரில் மோதிய வழக்கு அது. வாரண்டி வாசகத்தை வகுத்தது உற்பத்தியாளர் சங்கம்; 1958இல் பயணிகள் கார் உற்பத்தியில் 93.5 விழுக்காட்டைக் கையில் வைத்திருந்த மூன்று பெரிய நிறுவனங்களும் அதன் உறுப்பினர்கள். வேறு கடைக்குப் போனாலும் அதே தாள்தான். அப்படிப்பட்ட ஷரத்து செல்லாது என்றது நீதிமன்றம். வழக்கில் நடுவர் பேச்சே இல்லை என்றாலும், பிற்கால வாதங்கள் பலவற்றுக்கு வேர் இங்கேதான்.

1980களில் காற்று திசை மாறியது. 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1925ஆம் ஆண்டுச் சட்டத்தை மாநில நீதிமன்றங்களுக்கும் விரித்தது. மறு ஆண்டு மிட்சுபிஷி வழக்கு. புவெர்ட்டோ ரிக்கோ டீலர் ஒருவர், போட்டிச் சட்டப்படியான தம் புகாரை அமெரிக்க நீதிமன்றமே கேட்க வேண்டும் என்று மன்றாடினார். ஒப்பந்தத்தில் உள்ளபடி ஜப்பானில் நடுவரிடம் போகச் சொன்னது நீதிமன்றம்.

டீலர்கள் சும்மா இருக்கவில்லை. எடுத்துக்கொள் அல்லது விட்டுவிடு என்று கம்பெனி நீட்டும் தாளில் சம்மதம் ஏது என்று வாதாடினார்கள். நாடாளுமன்றம் செவிசாய்த்தது. 2002 நவம்பரில் வந்த சட்டத்தின்படி, உற்பத்தியாளருக்கும் டீலருக்கும் இடையே தகராறு எழுந்த பிறகு இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டுமே நடுவர்; அவரும் தீர்ப்புக்குக் காரணம் எழுதித் தர வேண்டும். சரியான ஏற்பாடுதான். ஆனால் அதே டீலர்கள் தம் வாடிக்கையாளரிடம் நீட்டிய தாளில் ஷரத்து அப்படியே இருந்தது. அவர்களுடைய வாதம் ஒரு வரிகூட மாறாமல் வாடிக்கையாளருக்கும் பொருந்தும் என்பதை நாடாளுமன்றம் கண்டுகொள்ளவில்லை. டீலர்களுக்குச் சங்கம் இருந்தது, கார் வாங்குபவருக்கு இல்லை என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

வாரண்டிக்கென்றே 1975இல் வந்த மாக்னுசன்–மாஸ் சட்டம் கைகொடுத்திருக்கலாம். வாரண்டித் தகராறில் கட்டுப்படுத்தும் நடுவர் தீர்ப்பை முன்கூட்டியே திணிக்கக்கூடாது என்றே கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அதற்குப் பொருள் சொன்னது. மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் சில அதை ஏற்க மறுத்தன. பயன்படுத்திய போர்ஷே கார் வழக்கொன்றில் ஒன்பதாவது வட்டார நீதிமன்றம் 2011இல் ஆணையத்தின் பக்கம் நின்றது. மறு ஆண்டே அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஷரத்து உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதை 2015இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கில் பார்க்கலாம். வாங்கியது பயன்படுத்திய மெர்சிடிஸ். நடுவரின் தீர்ப்பு ஒருவருக்குச் சல்லிக்காசும் தராவிட்டாலோ, ஒருவர் மீது 1,00,000 டாலருக்கு மேல் போனாலோ அவர் மூவர் குழுவிடம் மறுவிசாரணை கேட்கலாம். பெருந்தொகை கொடுக்க நேரும் அச்சம் விற்றவருக்குத்தான். தவணை தவறினால் காரைத் தூக்கிச் செல்லும் உரிமையோ நடுவரிடமே போகாது. விற்றவருக்கு அவசரமான வழி திறந்தே இருக்கிறது. தாளில் எல்லாம் இருவருக்கும் சமமாகவே எழுதியிருக்கிறது. நீதிமன்றமும் ஷரத்து செல்லும் என்றது.

2025 ஜூலையில் அதே நீதிமன்றத்தின் முன் உற்பத்தியாளர் வந்து நின்றார். ஃபோர்டு மீது வழக்கிட்டவர்களை, டீலரோடு அவர்கள் செய்த விற்பனை ஒப்பந்தத்தைக் காட்டி நடுவரிடம் அனுப்பப் பார்த்தது அந்த நிறுவனம். அந்த ஒப்பந்தத்தில் ஃபோர்டு ஒரு தரப்பே அல்ல; உற்பத்தியாளரின் வாரண்டியும் அந்தத் தாளிலிருந்து பிறந்ததல்ல. கோரிக்கையை நீதிமன்றம் நிராகரித்தது. வழக்கு டீலர் மீது என்றால் ஷரத்து இன்னும் குறுக்கே நிற்கும்.