மோடி வித்தை: கண்ணைக் கட்டுபவருக்கு என்ன தெரியும்?

"இதோ, இன்னும் கொஞ்ச நேரத்தில் பாம்புக்கும் கீரிக்கும் சண்டை விடப்போகிறேன்!"

இந்த அறிவிப்பை நம்பி வட்டமாகக் கூடி நின்றவர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர். சண்டையைப் பார்த்தவர்தான் யாரும் இல்லை! பாம்பு கூடைக்குள் இருக்கும். கீரி முளைக்கம்பில் கட்டிக் கிடக்கும். இரண்டுக்கும் நடுவில் தாயத்து விற்று முடிந்திருக்கும். மோடி மஸ்தானின் உண்மையான வித்தை இந்தக் காத்திருக்க வைப்பதுதான்.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் என்று நீளும் கரிசல் பூமி பெரும்பாலும் மானாவாரி. புரட்டாசி, ஐப்பசியில் மழையை நம்பி விதைப்பார்கள். தை, மாசியில் வெள்ளாமை வீடு வந்துவிடும். அதற்குப் பிறகு காடு சும்மா கிடக்கும், கையில் கொஞ்சம் காசும் இருக்கும். கோயில் கொடையும் கூத்தும் கரகமும் அந்த மாதங்களுக்குரியவை. தெருவில் வித்தை காட்டிப் பிழைப்பவர்களுக்கும் அதுதான் நல்ல காலம்.

மோடி வித்தையில் பலரும் மறக்காதது, போர்வைக்குள் படுத்திருக்கும் பையன். மஸ்தான் கூட்டத்தில் ஒருவரின் பொருளைத் தொட்டு "இது என்ன?" என்பார். முகம் மூடிய பையன் "கைக்கடிகாரம்" என்பான். கூட்டம் வாய் பிளக்கும். பதில் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. "இது என்ன?" என்றால் ஒரு பொருள், "இது என்னப்பா?" என்றால் வேறொன்று, "சட்டென்று சொல்" என்றால் இன்னொன்று. இப்படி ஒரு பெரிய பட்டியலையே பையன் மனப்பாடம் செய்திருக்க வேண்டும். பரீட்சைக்குப் படிக்கிற எவருக்கும் அவன் மேல் மரியாதை வரும். கூட்டத்துக்கு அது மாயம். வெயிலில் போர்வைக்குள் வியர்த்துக் கிடக்கும் அவனுக்கு அது மனப்பாடமும் பயமும். ஒரு சொல் தவறினால் அன்றைய வசூல் போச்சு.

தமிழில் இந்தக் கலைக்கு இருக்கும் பெயர்களைக் கவனியுங்கள். செப்பிடு வித்தை என்பதில் செப்பு என்றால் சிறு கிண்ணம். கிண்ணத்துக்குள் இட்ட பொருளைக் காணாமல் போக்குவதும் வரவழைப்பதும் உலகம் முழுக்க உள்ள பழைய வித்தை. கண்கட்டு வித்தை என்ற பெயர் இன்னும் நேரடியானது. கட்டப்படுவது பார்ப்பவரின் கண். செய்பவரின் கண் திறந்தே இருக்கிறது. அதாவது அந்த இடத்தில் மாயத்தைப் பார்க்க முடியாத ஒரே ஆள் வித்தைக்காரர்தான்!

இதற்கு 1830 வாக்கில் சென்னையில் வித்தை காட்டிய சேஷால் நல்ல உதாரணம். தரைக்கு மேலே காற்றில் சம்மணமிட்டு, ஒரு கையை மட்டும் கம்பின் மேல் வைத்தபடி உட்கார்ந்திருப்பார். ஆங்கிலேயப் பத்திரிகைகள் அவரைப் படம் போட்டு எழுதின. 'காற்றில் அமர்ந்த பிராமணர்' என்று பெயரும் வைத்தன. ரகசியம் எளிமையானது. கம்போடு இணைந்த இரும்புச் சட்டம் சட்டைக் கைக்குள் புகுந்து, உடம்போடு இறங்கி, உட்காரும் இடத்தில் ஒரு சிறு இருக்கையாக முடியும். உட்காரும்போதும் இறங்கும்போதும் போர்வையால் மறைத்துக்கொள்வார்கள். பார்த்தவர்களுக்குத் தெரிந்தது காற்று. சேஷாலின் உடம்புக்குத் தெரிந்தது இரும்பு. வலிக்கும்போதும் முகத்தில் யோகியின் அமைதி இருக்க வேண்டும் என்பதுதான் இதில் கஷ்டமான பகுதி.

அதற்கும் முன்பே தென்னிந்தியாவிலிருந்து லண்டனுக்குப் போனவர் ராமோ சாமி. ராமசாமி என்ற பெயர் ஆங்கில நாக்கில் அப்படி ஆகிவிட்டது. வாள் விழுங்குவது, பந்து வீசிப் பிடிப்பது எல்லாம் செய்வார். ஆங்கிலக் கட்டுரையாளர் வில்லியம் ஹாஸ்லிட், நான்கு பித்தளைப் பந்துகளைச் சுழல விடும் இந்திய வித்தைக்காரர் ஒருவரைப் பார்த்துவிட்டு, இவ்வளவு குறையில்லாமல் செய்ய நம்மிடம் என்ன இருக்கிறது என்று வெட்கப்பட்டு எழுதினார். அந்தக் கட்டுரை 1821-ல் வந்த அவருடைய நூலில் இருக்கிறது. அந்த வித்தைக்காரர் ராமசாமிதான் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அத்தனை புகழ் பெற்ற ராமசாமி 1850-ல் லண்டனில் ஏழையாக இறந்தார். அடக்கச் செலவுக்கே அவர் மனைவி பத்திரிகை வழியாக உதவி கேட்க வேண்டியிருந்தது.

இங்கேதான் பொழுதுபோக்காக மேஜிக் செய்பவருக்கும் தெருவில் செய்பவருக்கும் உள்ள வித்தியாசம் வருகிறது. பொழுதுபோக்குக்காரர் கண்ணாடி முன்னால் நின்று ஒரே நாணயத்தை நூறு தடவை மறைத்துப் பழகுவார். முதல் தடவை அந்த வித்தையைப் பார்த்தபோது வந்த பிரமிப்பு, ரகசியம் தெரிந்த அன்றே போய்விடும். அது திரும்ப வருவது எதிரே இருப்பவரின் முகத்தில்தான். அதற்காகத்தான் அவர் செய்கிறார். மாதச் சம்பளம் வேறு இடத்திலிருந்து வருவதால், விரும்பினால் ரகசியத்தைச் சொல்லிவிடவும் அவரால் முடியும். தெரு வித்தைக்காரருக்கு அந்த வசதி கிடையாது. அவருடைய முதலே அந்த ரகசியம்தான்.

ரகசியத்தைச் சொல்வதையே வேலையாக வைத்துக்கொண்டவர்களும் வந்தார்கள். திருவல்லாவில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தாவரவியல் கற்பித்த ஆபிரகாம் கோவூர் (1898–1978), மோசடிக்கு இடமில்லாத சூழலில் அற்புதம் செய்து காட்டுபவருக்கு 1 லட்சம் ரூபாய் என்று 1963-ல் சவால் விட்டார். அவர் வழியில் வந்தவர் கோவை போத்தனூரில் வாழ்ந்த பி. பிரேமானந்த் (1930–2009). சாமியார்கள் செய்யும் 'அற்புதங்களை' எல்லாம் தானே மேடையில் செய்துவிட்டு, எப்படி என்றும் சொல்லிவிடுவார். வெறுங்கையில் விபூதி வரவழைப்பதா? சாம்பலைக் கஞ்சித் தண்ணீரில் பிசைந்து வில்லையாகக் காயவைத்து, விரல் இடுக்கில் ஒளித்து, நொறுக்கினால் போதும்.

1980-ல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இதை 'மந்திரமா? தந்திரமா?' என்ற நிகழ்ச்சியாகக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்புகளை நடத்திய காலத்தில், பாட்டு, வீதி நாடகத்தோடு இதுவும் ஊர் ஊராகப் போனது. வித்தை காட்டியவர்கள் ஆசிரியர்கள், மாணவர்கள், தொண்டர்கள். செம்பருத்திப் பூவைத் தேய்த்த கத்தியால் எலுமிச்சம்பழத்தை அறுத்தால் 'ரத்தம்' வரும். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் (ஆரத்தி கரைத்த வீட்டில் யாரும் இதற்கு மயங்க மாட்டார்கள்). தீக்குச்சி இல்லாமல் யாகத் தீ மூட்டும் வித்தையில், 'நெய்' என்று ஊற்றுவது கிளிசரின். அடியில் ஒளிந்திருப்பது பொட்டாசியம் பெர்மாங்கனேட். ஊற்றிய உடனே பற்றாது. அந்த இடைவெளியில்தான் மந்திரம் சொல்ல வேண்டும்!

தீக்குச்சிக் கட்டை அடுக்கியே கை தேய்ந்த குடும்பங்கள் நிறைந்தது கோவில்பட்டி வட்டாரம். குச்சி முனையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டிப் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ், உரசினால் தீ. நெருப்புக்குப் பின்னால் மருந்து இருக்கிறது என்பது இங்கே பாடப் புத்தகம் சொல்லித் தெரிய வேண்டிய செய்தி இல்லை.

மோடி மஸ்தானுக்கு இதில் நியாயம் கிடைத்ததா என்பது தனிக் கேள்வி. தாயத்து பலிக்கும் என்று சொன்னது ஏமாற்றுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் போர்வைக்குள் இருந்த பையனின் ஞாபகசக்தி ஏமாற்று இல்லை. மேடையில் தந்திரத்தை விளக்கியவர்கள் மறுநாள் பள்ளிக்கூடத்துக்கோ அலுவலகத்துக்கோ போனார்கள். அந்தப் பையனுக்குப் போக இடம் அடுத்த ஊர்தான். 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பாம்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு நடப்பதும் குற்றமானது. வராத அந்தச் சண்டைக்காக வட்டமாக நின்று காத்திருக்கும் கூட்டமும் போகப் போகக் குறைந்துபோனது.