காட்டுக் காற்றா, கொசுவா?

"காட்டுக் காத்து பட்டுடுச்சு, குளிர்காய்ச்சல் வந்திடுச்சு" என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. துரைமாரும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினார்கள். 'மலேரியா' என்றாலே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள்.

1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டார். 1901 முதல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியவிட்டுக் காய்ச்சலைக் குறைத்தார்.

ஆனால் மலைப்பாங்கான தோட்டங்களில் காட்டை அழித்த பிறகு காய்ச்சல் கூடியது! ஏன்? அங்குள்ள கொசு வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடுவது. மரங்களை வெட்டி ஓடைக்கு வெயில் காட்டியது தோட்ட முதலாளி. மாண்டவர்களில் தமிழ்ப் பாட்டாளிகள் ஏராளம். விதியென்று அழுதார்கள், பாவம். வாட்சனோ, ஓடைநீரை மண்ணுக்கடியில் குழாயில் ஓடவிட்டும், எண்ணெய் தெளித்தும் காய்ச்சலை அடக்க வழி கண்டார்.

நம் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்குமுன்பே இவ்வுண்மைகள் வெளியாகிவிட்டன.

மாணவச் செல்வங்களே! நோய் தலைவிதியன்று, காரணம் தேடினால் வழி பிறக்கும். இன்றைய டிங்கிக் கொசு வளர்வது வீட்டு வாளித் தண்ணீரில். பரிசோடு வீடு திரும்பியதும் முதல் வேலையாக அதைக் கவிழ்த்துவிடுங்கள்!