போ ஆற்றுச் சமவெளியும் இத்தாலியப் பாசிசத்தின் எழுச்சியும்

இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட இருபதாண்டுக் கால ஐரோப்பிய வரலாற்றை நோக்குவோர், பாராளுமன்ற ஆட்சிமுறை நாடு நாடாக வீழ்ச்சியுற்றமையை அக்காலத்தின் பிரதான பண்பாகக் கொள்வர். ஹங்கேரியில் 1920 இல் ஹோர்த்தியும், இத்தாலியில் 1922 இல் முசோலினியும், ஸ்பெயினில் 1923 இல் பிரிமோ டி ரிவேராவும், போலந்தில் 1926 இல் பில்சுட்ஸ்கியும் அதிகாரத்துக்கு வந்தனர். போர்த்துக்கலிலும் 1926 இலேயே இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிற்று. ஜேர்மனியில் ஹிட்லர் சான்சலரானது 1933 இல். பெருமந்தமே சர்வாதிகாரத்தைத் தோற்றுவித்தது எனப் பாடநூல்கள் தரும் விளக்கம் ஜேர்மனியைப் பொறுத்தவரை ஓரளவு ஏற்புடையது. ஆனால், மேற்கூறிய ஏனைய ஆட்சிகள் யாவும் 1929 க்கு முற்பட்டவை. எனவே பாசிசத்தின் தோற்றத்தை விளங்கிக்கொள்ள முனைவோர் அதன் பிறப்பிடமான இத்தாலிக்கே செல்லுதல் வேண்டும்.

மார்க்சிய ஆய்வாளரிடையே நெடுங்காலமாக வழக்கிலுள்ள வரையறை, 1935 இல் கம்யூனிஸ்ட் அகிலத்தின் ஏழாவது மாநாட்டில் டிமித்ரோவ் முன்வைத்ததாகும். நிதி மூலதனத்தின் மிகப் பிற்போக்கான பகுதியினரது பகிரங்கப் பயங்கரவாதச் சர்வாதிகாரமாக அவர் பாசிசத்தைக் கண்டார். ஆட்சியிலிருந்த பாசிசம் யாருக்குச் சேவை செய்தது என்பதை இவ்வரையறை செம்மையாகவே எடுத்துரைக்கின்றது. அது எவ்வழியால் வந்தது என்ற வினாவுக்கு இதில் விடை தேடுவது பயனற்றது. இத்தாலியில் அது மிலானின் வங்கிகளிலிருந்து புறப்படவில்லை. போ ஆற்றின் கீழ்ச்சமவெளியில், சணலும் சீனிக்கிழங்கும் விளைந்த வயல்களிலிருந்து புறப்பட்டது. இவ்வேறுபாட்டைச் சிறியதெனக் கருதியமைக்கு இத்தாலிய இடதுசாரி இயக்கம் கொடுத்த விலை மிகப் பெரிது.

1919 மார்ச் 23 இல் மிலான் நகரிலே முசோலினி தமது இயக்கத்தைத் தொடங்கினார். 'பாஷோ' என்ற இத்தாலியச் சொல் கட்டு அல்லது கூட்டு எனப் பொருள்படும். 1890களின் தொடக்கத்தில் சிசிலித் தீவின் ஏழை விவசாயிகள் நிலப்பிரபுக்களுக்கு எதிராக அமைத்த சங்கங்களும் இப்பெயரையே தாங்கியிருந்தன. விவசாயிகளின் சொல்லொன்று, விவசாயிகளை ஒடுக்கிய இயக்கத்தின் பெயராக உலக மொழிகளிலெல்லாம் நிலைபெற்றமை சொற்பொருள் வரலாற்றில் ஆர்வமுடையோர் கவனிக்க வேண்டிய ஒன்றாகும். எட்டு மணிநேர வேலை, பெண்களுக்கு வாக்குரிமை, போர்க்கால இலாபங்களுக்கு வரி எனத் தீவிரமான கோரிக்கைகள் அதன் தொடக்கத் திட்டத்தில் இடம்பெற்றிருந்தன. எனினும், 1919 நவம்பர்த் தேர்தலில் மிலான் தொகுதியில் அவ்வியக்கத்தின் பட்டியல் 5,000 வாக்குகளைக் கூடப் பெறவில்லை. எதிர்காலவாதக் கவிஞர் மரினெற்றியும் இசைவல்லுநர் தொஸ்கனினியும் அப்பட்டியலில் இருந்தனர். பின்னர் தொஸ்கனினி பாசிசத்தின் பகிரங்க எதிரியானார். மரினெற்றியோ 1929 இல் அவ்வாட்சி நிறுவிய அக்கடமியில் அங்கம் பெற்றார். அதே தேர்தலில் சோசலிஸ்ட் கட்சி 156 ஆசனங்களைப் பெற்று நாட்டின் மிகப் பெரிய கட்சியாயிற்று. அவ்வேளையில் பாசிசம் செத்துப் பிறந்த குழந்தை போன்றே காணப்பட்டது.

அதற்கு உயிரூட்டிய சூழலைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். பொலோஞா, பெராரா, ரோவிகோ ஆகிய மாகாணங்களில் சதுப்பு நிலங்களை வடித்து உருவாக்கப்பட்ட பெரும் பண்ணைகளை நம்பிப் பெருந்தொகையான நாட்கூலி விவசாயத் தொழிலாளர் வாழ்ந்தனர். ஆண்டின் பல மாதங்கள் இவர்களுக்கு வேலையில்லை; குளிர்காலம் பட்டினிக் காலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு இவர்கள் கட்டியெழுப்பிய சங்கங்கள் 1920 ஆம் ஆண்டளவில் இரு முக்கிய வெற்றிகளை ஈட்டியிருந்தன. முதலாவது, கூலியாட்களை அமர்த்தும் அதிகாரம் நிலவுடைமையாளரிடமிருந்து சங்கத்தின் வேலை அலுவலகத்துக்கு மாறியமை. சங்கத்தின் வழியாகவன்றி எவரும் வேலைக்கு எடுக்கப்படலாகாது. இரண்டாவது, நிலத்தின் பரப்புக்கேற்பக் குறிப்பிட்ட தொகைத் தொழிலாளரைக் குளிர்காலத்திலும் அமர்த்தியே ஆகவேண்டும் என்ற விதி. இவற்றின் மூலம் வேலையின்மையின் சுமை தொழிலாளியின் தோளிலிருந்து நிலவுடைமையாளனின் கணக்கேட்டுக்கு மாற்றப்பட்டது. 1920 இல் பொலோஞா மாகாணத்தில் மாதக்கணக்கில் நடைபெற்ற வேலைநிறுத்தம் நிலவுடைமையாளர் பணிந்துபோனதோடு ஒக்டோபரில் முடிவுற்றது. அவ்விலையுதிர்காலத்து உள்ளூராட்சித் தேர்தல்களில் 2,000 க்கும் மேற்பட்ட உள்ளூர்ச் சபைகள் சோசலிஸ்டுகளின் வசமாயின. வரிவிதிப்பும் பொதுவேலை ஒப்பந்தங்களும் இனிக் கூலித் தொழிலாளரின் பிரதிநிதிகள் கையில். நிலவுடைமையாளர் இதனைத் தாங்கமுடியாத அவமானமாகவே உணர்ந்தனர்.

ஆயினும் இவ்வெற்றியினுள்ளே ஒரு விரிசல் இருந்தது. சங்கங்களின் தலைமை நிலத்தைச் சமூக உடைமையாக்குவதையே இலட்சியமாகக் கொண்டிருந்தது. வாரக்குடிகளும் சிறு குத்தகையாளரும், போர்க்காலச் சேமிப்பில் துண்டு நிலம் வாங்கியோரும் விரும்பியது தமக்கெனச் சொந்த நிலம். தமக்குத் தேவையற்ற கூலியாட்களை அமர்த்துமாறு சங்கம் இவர்களையும் நிர்ப்பந்தித்தது. மறுத்தவர்கள் பகிஷ்காரத்துக்கு ஆளாயினர். பகிஷ்கரிக்கப்பட்ட குடும்பத்துக்குக் கடைக்காரனும் பொருள் விற்க அஞ்சினான். கோட்பாட்டளவில் பிழையற்ற கொள்கை, நடைமுறையில் நேச சக்திகளாகியிருக்க வேண்டியோரை எதிரியின் முகாமுக்குத் தள்ளிற்று. இதனைச் சொல்வது தொழிலாளர் இயக்கத்தைப் பழிப்பதாகாது. சொல்லாது விடுதலே தவறாகும்.

1920 நவம்பர் 21 இல் பொலோஞாவின் புதிய சோசலிஸ்ட் மாநகரசபை பதவியேற்ற நாளன்று பாசிசக் குழுவினர் நகர மண்டபத்தின் மீது தாக்குதல் தொடுத்தனர். மண்டபத்தைக் காத்து நின்றோர் கலவரமடைந்து எறிந்த குண்டுகள் வெளியே கூடியிருந்த தம்மவர் மீதே விழுந்தன. சபையினுள் எதிரணி உறுப்பினர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு மாதத்தின் பின் பெராராவிலும் இரத்தம் சிந்தப்பட்டது. நிலவுடைமையாளர் பணப்பைகளை அவிழ்த்தனர். முன்னாள் இராணுவ அதிகாரியும் சட்டக் கல்வி பெற்றவருமான இற்றலோ பால்போ பெராராவிலும், இளம் சட்டத்தரணி டீனோ கிராண்டி பொலோஞாவிலும், புகையிரத ஊழியராயிருந்த பரினாச்சி கிரெமோனாவிலும் தலையெடுத்தனர். இரவில் லொறிகளில் வந்திறங்குதல், சங்கச் செயலாளரின் வீட்டைச் சூழ்தல், அவருக்கு வலிந்து ஆமணக்கெண்ணெய் புகட்டுதல், தடியால் அடித்து ஊரைவிட்டு வெளியேற்றுதல், கட்டடத்துக்குத் தீயிடுதல் என இவர்களின் செயன்முறை அமைந்தது. லொறிகளும் ஆயுதங்களும் பல இடங்களில் இராணுவ முகாம்களிலிருந்தே கிடைத்தன. பொலிசார் பார்த்து நின்றனர்; பின்னர் தாக்கப்பட்டவர்களையே கைதுசெய்தனர்.

இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தொடக்கத் தலைவர்களுள் ஒருவராயிருந்து பின்னர் அதிலிருந்து நீக்கப்பட்ட அஞ்செலோ தாஸ்கா 1938 இல் வெளியிட்ட நூலில், 1921 இன் முதல் ஆறு மாதங்களில் அழிக்கப்பட்டவற்றின் பட்டியலொன்றைத் தருகின்றார். மொத்தம் 726 நிலையங்கள். அவற்றுள் 119 தொழிற்சங்க நிலையங்கள், 107 கூட்டுறவுச் சங்கங்கள், 83 விவசாயிகள் சங்கங்கள், 59 மக்கள் இல்லங்கள், 17 பத்திரிகை அலுவலகங்களும் அச்சகங்களும் அடங்கும். நூறு கலாசார மன்றங்களும், பத்து மக்கள் நூலகங்களும் நாடக அரங்குகளும், ஒரு மக்கள் பல்கலைக்கழகமும் அப்பட்டியலில் உள்ளன. தொழிலாளர் தமது கூலியிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டிய ஒரு பண்பாட்டுலகமே இவ்வாறு எரிந்தது. எழுத்தறிவின்மை மிகுந்திருந்த கிராமங்களில் நூலகம் ஒன்றின் அழிவு எதனைக் குறித்திருக்கும் என்பதை இலக்கிய மாணவர் எளிதில் ஊகிப்பர்.

பயங்கரவாதம் மட்டுமே பாசிசத்தின் பலமாயிருந்ததெனக் கொள்ளுதல் பொருந்தாது. 1921 நவம்பரில் அது கட்சியாக மாற்றமுற்றபோது 151,644 உறுப்பினரின் தொழில்கள் கணக்கெடுக்கப்பட்டன. கைத்தொழிலதிபர் 4,269 பேரே. நிலவுடைமையாளரும் சிறு விவசாயிகளும் சேர்ந்து 18,084. மாணவர் 19,783, அஃதாவது எட்டுப்பேருக்கு ஒருவர் மாணவர். மிகப் பெரிய பிரிவினர் விவசாயத் தொழிலாளர், 36,847 பேர். தன்னை ஒடுக்க வந்த கட்சியில் கூலித் தொழிலாளி ஏன் சேர்ந்தான்? வேலை அலுவலகம் எரிந்தபின் வேலை பாசிசத் தொழிற்சங்கத்தின் வழியாகவே கிடைத்தது. சேராதவன் பட்டினி கிடந்தான். பெராராப் பகுதியில் முழுச் சங்கங்களே ஒரே நாளில் பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டன. அத்தோடு, உழுபவனுக்கு நிலம் என்ற கோஷத்தைப் பாசிசத்தினர் எடுத்துக்கொண்டு, சில பண்ணைகளில் துண்டு நிலங்களைக் குத்தகைக்கும் கொடுத்தனர். கொடுக்கப்பட்டது சிறிதே, எனினும் சங்கங்கள் கொடுக்க மறுத்தது அதுவேயன்றோ?

முசோலினிக்கே இவ்வளர்ச்சி முற்றிலும் கட்டுப்பட்டதாயிருக்கவில்லை. 1921 மே மாதத் தேர்தலில் முதுபெரும் தாராளவாதியான பிரதமர் ஜொலிற்றி பாசிசத்தினரைத் தமது தேசியக் கூட்டில் சேர்த்துக்கொண்டதால் 35 பாசிசத்தினர் பாராளுமன்றம் புகுந்தனர். அவர்களைப் பழக்கி அடக்கிவிடலாம் என்பது அவர் கணக்கு. ஆகஸ்டில் முசோலினி சோசலிஸ்டுகளுடன் சமாதான உடன்படிக்கையொன்றில் கைச்சாத்திட்டபோது கிராண்டி, பால்போ, பரினாச்சி ஆகியோர் கிளர்ந்தெழுந்தனர். சமாதானம் நிலவுடைமையாளருக்கு வேண்டியிருக்கவில்லை. அவ்வேளை கிராம்சி எழுதிய கட்டுரையொன்றில், நகரக் குட்டி பூர்ஷ்வா வர்க்கத்தின் பாராளுமன்றப் பாசிசம், நிலவுடைமையாளரின் கிராமியப் பாசிசம் என இரு பாசிசங்கள் உள்ளன என்று சுட்டினார். இரண்டாவதே வென்றது, உடன்படிக்கை கைவிடப்பட்டது. 1922 ஜூலை இறுதியில் பால்போவின் படை ரவென்னா, போர்லி மாகாணங்களூடாக எரித்துக்கொண்டே சென்றது. ரவென்னாக் கூட்டுறவு இயக்கத்தின் தலைமையகமும் அதில் சாம்பலாயிற்று.

'ரோமாபுரிப் படையெடுப்பு' பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. 1922 ஒக்டோபர் 28 இல் மழையில் நனைந்து நின்ற, போதிய ஆயுதமற்ற கறுப்புச்சட்டையினரை இராணுவம் கலைத்திருக்கக்கூடும். அவசரகாலப் பிரகடனத்தில் கையொப்பமிட மன்னர் மூன்றாம் விக்ரர் இம்மானுவேல் மறுத்தார். முசோலினி மிலானிலிருந்து படுக்கை வசதியுள்ள புகையிரதத்தில் வந்து பிரதமரானார். அவரது முதல் அமைச்சரவையில் பாசிசத்தினர் சிறுபான்மையினரே. பாராளுமன்றம் 306 க்கு 116 என்ற வாக்குகளால் நம்பிக்கை தெரிவித்தது. இவ்வாட்சி ஆற்றிய முதற் கருமங்களுள் ஒன்று, போருக்குப்பின் விவசாயிகள் கைப்பற்றிய தரிசு நிலங்களை அங்கீகரித்த சட்டத்தை 1923 ஜனவரியில் நீக்கியமை. வயலில் கொடுத்த பணத்துக்கு இரசீது வந்து சேர்ந்தது.

கம்யூனிஸ்ட் அகிலத்தின் நான்காவது மாநாடு அந்நவம்பரிலேயே கூடிற்று. இத்தாலியக் கட்சித் தலைவர் பொர்டிகா சமர்ப்பித்த அறிக்கை பாசிசத்திற் புதிதாக எதனையும் காணவில்லை. பூர்ஷ்வா ஆட்சியின் இன்னொரு வடிவம் என்பதே அவரது மதிப்பீடு. ஏழு மாதங்களின் பின் கிளாரா செட்கின், பாசிசத்தைச் சாதாரண வெள்ளைப் பயங்கரவாதமாகக் கருதுதல் தவறு, அது பரந்த மக்கட் பிரிவினரை ஈர்க்கின்றது என எச்சரித்தார். செட்கினின் ஆய்வு ஆழமானது. உரிய மதிப்பு அதற்குக் கிடைத்ததாகக் கூறமுடியாது. சமூக ஜனநாயகவாதிகளைச் 'சமூகப் பாசிஸ்டுகள்' எனத் தாக்கிய 1928 இற்குப் பிற்பட்ட கொள்கை அவ்வெச்சரிக்கையைப் புதைத்தது. அதன் விளைவை ஜேர்மனியத் தொழிலாளர் அனுபவித்தனர்.

பாராளுமன்றத்தில் இவ்வுண்மைகளை இடைவிடாது எடுத்துரைத்தவர் கம்யூனிஸ்ட் அல்லர். சீர்திருத்தச் சோசலிஸ்டான ஜக்கோமோ மத்தேயொற்றி. ரோவிகோ மாகாணத்தவரான அவர், தமது தொகுதியிற் கூலித் தொழிலாளர் இரவில் வேட்டையாடப்பட்டமையை 1921 இலேயே சபையில் விவரித்தவர். 25 வீத வாக்குப் பெற்று முதலிடம் வகிக்கும் பட்டியலுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆசனம் என்ற சட்டத்தின் கீழ் 1924 ஏப்ரலில் நடந்த தேர்தலின் மோசடிகளை மே 30 இல் அவர் அம்பலப்படுத்தினார். ஜூன் 10 இல் கடத்திக் கொல்லப்பட்டார். நாடு கொதித்தது. அவ்வேளையில் அறிவாளிகள் என்ன செய்தனர் என்பது எம்மனோர்க்கு முக்கியமானது. மெய்யியலறிஞர் குரோச்சே, ஜூன் இறுதியில் செனற் சபையில் முசோலினியின் அரசுக்கு ஆதரவாக வாக்களித்தார். நாடகாசிரியர் பிரண்டெல்லோ அவ்வாண்டு செப்டெம்பரில், அஃதாவது மத்தேயொற்றியின் சடலம் கண்டெடுக்கப்பட்டு ஒரு மாதத்தின் பின், கட்சி அங்கத்துவம் கோரி விண்ணப்பித்தார். 1925 இல் ஜெந்திலே பாசிச அறிவாளிகளின் பிரகடனத்தை வெளியிட்டபோது குரோச்சே எதிர்ப் பிரகடனம் எழுதினார். அதன்பின் இறுதிவரை எதிர்ப்பாளராகவே இருந்தார். அதனைப் பாராட்டுதல் வேண்டும். ஆனால் அவர் கண் திறந்தவேளை 726 கட்டடங்களின் சாம்பலும் ஆறிப்போயிருந்தது. தாராளவாத அறிவாளியின் பார்வையில் அரசியல் யாப்பு மீறப்பட்டதே குற்றம். வயல்களில் நடந்தது வெறும் ஒழுங்கு மீட்பு.

1926 இல் வேலைநிறுத்தம் சட்டவிரோதமாயிற்று. தெரிவுசெய்யப்பட்ட உள்ளூர்ச் சபைகள் ஒழிக்கப்பட்டு நியமன அதிகாரிகள் வந்தனர். நவம்பர் 8 இல் கிராம்சி கைதானார். தென்னித்தாலிய நிலவுடைமைக் கட்டமைப்பைத் தாங்கிநிற்கும் பெரும் புத்திஜீவியாகக் குரோச்சேயை இனங்காணும் அவரது கட்டுரை முற்றுப்பெறாதிருந்தது.

1931 இல் பல்கலைக்கழகப் பேராசிரியர் அனைவரும் பாசிச ஆட்சிக்கு விசுவாசச் சத்தியம் செய்யுமாறு கட்டளை பிறந்தது. ஏறத்தாழ 1,200 பேரில் மறுத்தவர்கள் பன்னிருவரளவினர். பண்டைய வரலாற்றறிஞர் டி சாங்ரிஸ், கணிதவியலாளர் வொல்ற்றெரா, கலை வரலாற்றாசிரியர் வென்ரூரி, செமித்திய மொழியறிஞர் லெவி டெல்லா விடா ஆகியோர் அவர்களுட் சிலர். இவர்களுள் மார்க்சியவாதிகளைத் தேடினால் கிடைக்கமாட்டார். ஏனையோர் மாணவரைக் கைவிடலாகாது, ஆசனங்கள் பாசிசத்தினர் கைக்குப் போய்விடும் எனத் தத்தமக்கு நியாயம் கூறிக் கையொப்பமிட்டனர். அடுத்த ஆண்டில் இத்தாலியக் கலைக்களஞ்சியத்தின் பதினான்காம் தொகுதி வெளிவந்தது. 'பாசிசம்' என்ற பதிவு அதில் முசோலினியின் பெயரில் அச்சாகியிருந்தது. அதன் கோட்பாட்டுப் பகுதியை எழுதியவர் பேராசிரியர் ஜெந்திலே.