மலை வெண்ணெயும் நகர அங்காடியும்: பெங்களூருவில் நீல்கிரீஸ் கடைத்தொடரின் வளர்ச்சியும் தளர்ச்சியும்

பெங்களூருத் தமிழர் வரலாறு பெரும்பாலும் படைவீரர், ஒப்பந்தக்காரர், ஆலைத் தொழிலாளர் ஆகியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அவ்வாறு அமைந்ததற்குக் காரணம் உண்டு. 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருவுக்கு மாற்றியபோது, சென்னைப் படையைச் சேர்ந்த தமிழ் வீரர்களும் அவர்தம் குடும்பத்தாரும் உடன்வந்தனர். பழைய நகரம் 'பேட்டை' என வழங்க, புதிய படைக்குடியிருப்பு 'தண்டு' எனப் பெயர்பெற்றது. 1868இல் கட்டி முடிக்கப்பட்ட அட்டாரா கச்சேரியின் கட்டுமான ஒப்பந்தத்தை ஏற்ற ஆற்காடு நாராயணசாமி முதலியார், 1873இல் அப்பகுதி மக்களுக்கெனப் பள்ளியும் நிறுவினார். இத்தகைய பெயர்கள் ஆய்வுலகிற்குப் புதியன அல்ல. ஆயின் அத்தண்டுப் பகுதியில் கடை வைத்து, அக்கடையை ஒரு நகரத்தின் உணவுப் பழக்கமாகவே ஆக்கிய தமிழ் வணிகர்கள்பால் ஆய்வாளர் கவனம் போதிய அளவு செல்லவில்லை. அவர்களுள் முதன்மையான ஒரு நிறுவனத்தின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

முதற்கண் சொல் பற்றிய ஒரு குறிப்பு இன்றியமையாதது. பண்டைத் தமிழர் அங்காடியை அது திறந்திருக்கும் பொழுதைக் கொண்டு நாளங்காடி எனவும் அல்லங்காடி எனவும் பகுத்தனர். நாம் இன்று வழங்கும் 'பல்பொருள் அங்காடி' என்னும் தொடரோ விற்கப்படும் பொருளின் பன்மையைக் கொண்டு பெயர் சூட்டுகிறது. பொழுதும் பொருளும் பெயரில் இடம்பெற்றன. பொருளை ஆக்கியவர் யார் என்பது எப்பெயரிலும் இடம்பெறவில்லை. நீல்கிரீஸ் வரலாற்றில் திறவுகோலாக அமைவது அந்த விடுபட்ட வினாவே என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

நிறுவனத்தின் தோற்றம் குறித்து அந்நிறுவனமே வழங்கிவந்த மரபுச் செய்தி ஒன்று உண்டு. முத்துசாமி முதலியார் என்பவர் கோவைப் பகுதிக்கும் உதகைக்கும் இடையே ஆங்கிலேயரின் கடிதங்களையும் காசோலைகளையும் சுமந்து சென்ற தபால் ஓட்டக்காரர். ஆங்கிலேயர் ஒருவரின் வெண்ணெய் வணிகத்தை அவர் வாங்கி, 1905இல் உதகைப் பக்கத்து வண்ணாரப்பேட்டையில் சிறு கடை தொடங்கினார் என்பது அச்செய்தி. வணிகக் குடும்பங்கள் தம் தொடக்கத்தைப் பற்றிக் கூறுவனவற்றை அப்படியே வரலாறாகக் கொள்ளுதல் தகாது. எனினும் இச்செய்தியைக் காலக் குறிப்புகளோடு ஒப்பிட்டு நோக்குமிடத்துப் பொருத்தம் புலனாகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் 1899இல் குன்னூரை எட்டியது; உதகையை எட்டியது 1908இல். இடைப்பட்ட ஆண்டுகளில் குன்னூருக்கு மேலுள்ள வழி மனிதர் காலையும் வண்டியையுமே நம்பியிருந்தது. தண்டவாளம் மேலேறிக் கொண்டிருந்த அந்நாளில், ஓட்டக்காரர் ஒருவர் தம் தொழிலின் முடிவை முன்னரே கண்டு வேறு தொழிலுக்கு மாறினார் என்பதில் நம்பவியலாதது ஏதுமில்லை. கடிதம் கொண்டுசென்ற வீடுகளே வெண்ணெய் வாங்கும் வீடுகளாகவும் இருந்திருத்தல் கூடும். எந்த வீட்டார் பணத்தை ஒழுங்காகத் தருவர் என்பதைத் தபால்காரரைவிட நன்கறிந்தவர் யார்?

வெண்ணெய் வணிகத்திற்கு மலை ஏற்ற இடமாக அமைந்தமைக்கு இரு காரணங்கள் உள. உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. பனிக்கட்டி இயந்திரம் அரிதாயிருந்த காலத்தில் குளிரே பாதுகாப்பாயிற்று. சென்னை மாகாண அரசு கோடைதோறும் அங்குக் குடிபெயர்ந்தமையால் வெண்ணெயும் ரொட்டியும் நாள்தோறும் உண்போர் அங்கே திரண்டிருந்தனர். ஆனால் கோடை முடிந்தால் அக்கூட்டம் இறங்கிவிடும். ஆண்டு முழுவதும் வெண்ணெய் தின்னும் ஊர் வேறு எது என்று தேடுபவர் பார்வை பெங்களூருவின்மீது விழுவது இயல்பு. ஏறத்தாழ 900 மீட்டர் உயரமும் மிதமான தட்பவெப்பமும் கொண்ட அவ்வூரின் தண்டுப் பகுதி, 1881இல் மைசூர் அரசு உடையார்களிடம் மீள ஒப்படைக்கப்பட்ட பின்னரும் ஆங்கிலேயர் ஆட்சியிலேயே இருந்தது. படை அதிகாரிகள், ஆங்கிலோ இந்தியர், ஓய்வுபெற்ற ஐரோப்பியர் எனக் கலையாத வாடிக்கையாளர் கூட்டம் அங்கிருந்தது. 1936இல் நீல்கிரீஸ் பிரிகேட் சாலையில் கடை திறந்தது. நிறுவனத்தை அங்கே வளர்த்தெடுத்தவர் முத்துசாமி முதலியாரின் மகன் சென்னியப்பன்.

அந்நாளில் அவ்வட்டாரத்தின் பெருங்கடை மரபு ஸ்பென்சர் நிறுவனத்தினுடையது. 1863இல் சென்னையில் தோன்றிய அது பெங்களூருவிலும் கடை நடத்தியது. வெஸ்ட் எண்ட் ஓட்டலும் அதன் உடைமையாயிருந்தது. இரு நிறுவனங்களும் ஏறக்குறைய ஒரே வாடிக்கையாளரையே நாடின. ஆயின் ஸ்பென்சரின் வலிமை கப்பலில் வந்த பொருள்களில் இருந்தது. நீல்கிரீஸின் வலிமை தானே கடைந்த வெண்ணெயிலும் தானே சுட்ட ரொட்டியிலும் இருந்தது. 1947க்குப் பின் வெள்ளையர் வெளியேறியபோது இருவருமே பழைய வாடிக்கையாளரை இழந்தனர். 1957ஐ ஒட்டிய அந்நியச் செலாவணி நெருக்கடியும் அதன்பின் இறுகிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் இறக்குமதியை நம்பிய கடைகளின் அலமாரிகளை வெறுமையாக்கின. அதே கட்டுப்பாடுகள் உள்நாட்டில் சீஸும் கேக்கும் செய்தவருக்குப் போட்டியைக் குறைத்தன. ஒரே அரசாணை ஒருவருக்கு இழப்பும் மற்றவருக்கு ஆக்கமும் தந்த இந்நிகழ்வு, வணிக வரலாற்றில் தனித்து ஆராயத்தக்கது.

அதே காலத்தில் பெங்களூரு வேறொரு வாடிக்கையாளரைப் பெற்றது. இந்துஸ்தான் விமான நிறுவனம் 1940இலும், இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை 1948இலும், எச்.எம்.டி. 1953இலும், பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1954இலும் தோன்றின. மாதச் சம்பளமும் ஆலைப் பேருந்தும் ஒழுங்குபட்ட வேலைநேரமும் கொண்ட இந்தியக் குடும்பங்கள் காலை உணவில் ரொட்டிக்கு இடம் தந்தன. வெள்ளையர் உணவாயிருந்தது நகரத்தார் உணவாயிற்று. நீல்கிரீஸ் இம்மாற்றத்தின் பயனைப் பெற்றதோடு அதனை முன்னின்று நடத்தியும் வைத்தது எனலாம். ஈரோட்டில் பால் பதனிடும் ஆலை எழுந்தது. இயந்திரப் பேக்கரி உருவாயிற்று. மேலைநாட்டுக் கடைகளைக் கண்டுவந்த சென்னியப்பன், வாங்குவோர் தாமே அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்ளும் முறையைத் தம் கடையில் புகுத்தினார். தென்னிந்தியாவில் இம்முறையைக் கைக்கொண்ட முன்னோடிகளுள் நீல்கிரீஸும் ஒன்று. எழுபதுகளின் நடுவில் அந்நிறுவனச் சார்பில் தொடங்கிய கிறித்துமஸ் கேக் கண்காட்சி, சமய எல்லையைக் கடந்து நகர விழாவாக மாறியது. தமிழ்க் குடும்பம் ஒன்று, தமிழக மலை ஒன்றின் பெயரில், கன்னட நாட்டுத் தலைநகரில், ஆங்கிலேயர் உணவை எல்லார்க்கும் விற்றது. பெயரிலேயே மொழி அடையாளம் எதுவும் இல்லாதிருந்தமை வாய்ப்பாக அமைந்தது போலும்.

இவ்வளர்ச்சியின் உள்ளியக்கத்தை விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். பிறர் செய்த பொருளை விற்கும் கடைக்காரருக்குக் கிடைப்பது சிறு கழிவு மட்டுமே. பொட்டலப் பொருள்களில் அதிகபட்சச் சில்லறை விலையை அச்சிடவேண்டும் என்ற விதி 1990இல் வந்தபின் அவர் விலையைக் கூட்டவும் இயலாது. குறைத்தாலோ தம் கழிவையே குறைத்துக்கொள்ளுதல் வேண்டும். தாமே சுட்ட ரொட்டியை விற்பவர்க்கு ஆலை ஆதாயமும் கடை ஆதாயமும் ஒரு கையில் சேர்கின்றன. மேலும், அந்த ரொட்டிக்காகவும் வெண்ணெய்க்காகவும் நாள்தோறும் வருபவர் சோப்பையும் பருப்பையும் உடன் வாங்கிச் செல்கின்றார். ஆகவே நீல்கிரீஸ் கடை பால் வழி ஒன்றின் கடைசிப் படியாகவே அமைந்தது. பல்பொருள் அப்படியில் வந்து சேர்ந்தவை.

தொண்ணூறுகளின் நடுவில் இதற்கு நேர்மாறான கடைகள் தோன்றின. 1989இல் ஸ்பென்சரைக் கைக்கொண்ட ஆர்.பி.ஜி. குழுமம் 1996இல் சென்னையில் ஃபுட்வேர்ல்டு என்னும் கடையைத் திறந்தது. அதில் கூட்டாளியாகச் சேர்ந்த ஹாங்காங் நிறுவனத்தின் பெயர் டெய்ரி ஃபார்ம் என்பது சுவையான செய்தி. அதுவும் 1886இல் பேட்ரிக் மேன்சன் என்னும் மருத்துவர் தூய பால் வழங்குவதற்கென நிறுவிய பண்ணையே. நீல்கிரீஸின் பதிவுப் பெயரும் நீல்கிரி டெய்ரி ஃபார்ம் தான். ஹாங்காங் பண்ணை மாடுகளை விட்டு ஆசியாவின் பெருங்கடை நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது; எனவே பாலை விட்டு விலகுவோர் அனைவரும் வீழ்வர் என்று விதி வகுத்தல் பொருந்தாது. துறைமுக நகரின் மூலதனமும் பல நாடுகளில் பரவிய கொள்முதல் ஆற்றலும் அதற்குப் பின்புலமாயிருந்தன. ஆர்.பி.ஜி. உடனான அதன் கூட்டு 2000களின் நடுவில் முறிந்தது; ஃபுட்வேர்ல்டு என்ற பெயர் ஒருபுறமும், ஸ்பென்சர் என்ற பெயர் மறுபுறமும் பிரிந்தன.

1997இல் சென்னையில் தொடங்கிய சுபிக்ஷாவின் போக்கு இன்னும் வேறுபட்டது. குளிரூட்டாத சிறு கடை, குறைந்த விலை என்பதே அதன் கொள்கை. 2008இல் நாடெங்கும் ஏறத்தாழ 1,600 கடைகளைக் கொண்டிருந்த அது, 2009இல் கையிருப்புப் பணமின்றி மூடப்பட்டது. சரக்கு வழங்கியோர்க்கும் ஊழியர்க்கும் பணம் நிலுவையாய் நின்றது. அதற்கெனச் சொந்தப் பொருள் ஏதும் இல்லாமையால், கடை மூடியபின் எஞ்சியதும் ஏதுமில்லை. பெங்களூருவிலோ 1999இல் தோன்றிய ஃபேப்மால், கடைகளாக விரிந்து, பின்னர் பிர்லா குழுமத்தின் மோர் கடைகளுள் கரைந்தது. அதனை உருவாக்கியோர் 2011இல் அதே நகரில் பிக்பாஸ்கெட் என்னும் இணையவழி அங்காடியைத் தொடங்கினர்.

இச்சூழலில் நீல்கிரீஸ் குடும்பத்தார் 2000களின் நடுப்பகுதியில் தம் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கைப் பிரிட்டனைச் சேர்ந்த ஆக்டிஸ் என்னும் முதலீட்டு நிறுவனத்திற்கு விற்றனர். பல நிறுவனப் பொருள்களை விற்கும் சில்லறைக் கடைகளில் அந்நிய நேரடி முதலீட்டிற்கு அப்போது இசைவில்லை. 2012இல்தான் 51 விழுக்காடு வரை இசைவு கிட்டியது. கடைகள் பிரான்சைசி முறையில், அதாவது பெயரையும் சரக்கையும் நிறுவனம் தர, இடமும் முதலும் உள்ளூர் வணிகர் இட, பெருகின. சட்டத்திற்கும் விரைந்த விரிவிற்கும் இம்முறை இயைந்தது. பால்பண்ணை, இயந்திரப் பேக்கரி, பிரான்சைசி என ஒவ்வொன்றும் தனி நிறுவனமாகப் பதிவு பெற்றிருந்த அமைப்பைக் காணும்போது, முன்பு ஒரு கையில் சேர்ந்த ஆதாயங்கள் எவ்வாறு கணக்குப் புத்தகத்தில் பிரிந்தன என்பது விளங்கும். பிரான்சைசி எடுத்த வணிகருக்கு நீல்கிரீஸ் ரொட்டியும் பிறர் செய்த பிஸ்கட்டும் கழிவு தரும் இருவேறு சரக்குகளே. அவர் நோக்கில் அது குற்றமும் அன்று.

2014 நவம்பரில் ஃபியூச்சர் கன்சூமர் நிறுவனம் ஏறத்தாழ 300 கோடி ரூபாய்க்கு நீல்கிரீஸை வாங்க முன்வந்தபோது கடைகள் சுமார் 140 இருந்தன. வாங்கிய குழுமத்தின் நோக்கம் தன் உணவுப் பொருள்களைத் தென்னிந்தியாவில் விற்க ஒரு வழி பெறுவது. பால் வழியின் கடைசிப் படியாயிருந்த கடை, இப்போது பிறிதோர் ஆலைத் தொகுதியின் கடைசிப் படியாயிற்று. அத்தொகுதியோ கடனில் மூழ்கியது. 2020 ஆகஸ்டில் ரிலையன்சுக்குத் தன் சில்லறை வணிகத்தை 24,713 கோடி ரூபாய்க்கு விற்க ஃபியூச்சர் குழுமம் செய்த உடன்பாடு, அமேசான் தொடுத்த வழக்கால் தடைப்பட்டது. 2022 பிப்ரவரியில் பிக் பஜார் கடைகள் பல ரிலையன்ஸ் கைக்குச் சென்றன. அவ்வாண்டு ஜூலையில் ஃபியூச்சர் ரீட்டெய்ல் நொடிப்பு நடவடிக்கைக்கு உட்பட்டது. அக்கடைகளையே தலையாய சந்தையாகக் கொண்டிருந்த ஃபியூச்சர் கன்சூமரும் உடன் தளர்ந்தது. பெங்களூருவின் வெண்ணெய்க்கும் மும்பையின் கடனுக்கும் இடையே இப்படியொரு முடிச்சு விழும் என்று பிரிகேட் சாலையில் எவர் எண்ணியிருப்பார்?

இத்தளர்ச்சிக்கு வழக்கமாகக் கூறப்படும் விளக்கங்கள் இரண்டு. பெருமுதலாளிகளும் இணைய வணிகமும் பழைய கடையை அழித்தன என்பது ஒன்று. குடும்ப நிறுவனம் காலத்திற்கேற்ப மாறவில்லை என்பது மற்றொன்று. இரண்டாவது முற்றிலும் பொருந்தாது. ஓட்டக்காரர் வணிகரானது முதல் தாமே எடுத்துக்கொள்ளும் கடைமுறை வரை அக்குடும்பம் மாறிக்கொண்டே வந்தது. முதல் விளக்கத்தில் ஓரளவு உண்மை உண்டு. எனினும் பிக்பாஸ்கெட் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே உடைமை கைமாறிவிட்டது. வாங்கியோர் இருவருமே கடைகளின் எண்ணிக்கைக்கும் பெயருக்கும் விலை கொடுத்தனர். அப்பெயருக்கு மதிப்பைத் தந்த பண்ணையும் அடுப்பும் அவர்கள் கணக்கில் துணைச் சொத்துகளாகவே நின்றன. கடையும் ஆலையும் ஒரு கையில் இருந்ததே வளர்ச்சியின் காரணம் என்பதை ஏற்றால், அவற்றின் பிரிவே தளர்ச்சியின் தொடக்கம் என்பதையும் ஏற்கவேண்டியுள்ளது.

பெயர் முற்றிலும் மறைந்துவிடவில்லை. கேக் கண்காட்சியின் நிலையும் இங்குக் கருதத்தக்கது. 2024 டிசம்பரில் அது தன் ஐம்பதாவது ஆண்டை எட்டியது. சர்க்கரையால் கட்டிய கோபுரங்களையும் மாளிகைகளையும் காண நகரத்தார் நுழைவுச்சீட்டு வாங்கி வரிசையில் நிற்கின்றனர். அதனை இப்போது நடத்துவோர் கேக் கலை பயிற்றுவிக்கும் நிறுவனத்தார். கடை அதில் இல்லை.