ஆனந்தன் விலக்கிய தொழில்களும் வட்டிக்கு விட்ட நான்கு கோடியும்

அறநெறி முதலீட்டின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டின் குவேக்கர்களிடமோ ஜான் வெஸ்லியிடமோ தொடங்குகின்றனர். அடிமை வணிகம், மது, சூது, படைக்கலம் எனும் விலக்குப் பட்டியல் அங்கிருந்தே புறப்பட்டதாக ஒரு கருத்து நிலைபெற்றுவிட்டது. அதனினும் பழையதும் விரிவானதுமான பட்டியல் ஒன்று இந்தியாவில் உண்டு. அதைச் சுட்டிப் பெருமை கொள்வது எளிது. அது எந்த எல்லையில் நின்றுவிட்டது என ஆராய்வதே பயன்தரும்.

சுவேதாம்பர சமண ஆகமங்களுள் ஏழாவது அங்கமான 'உவாசகதசாவோ', இல்லறத்தாராகிய சாவகர் பதின்மரின் கதைகளைக் கூறுகிறது. அது கி.பி. 5-ஆம் நூற்றாண்டளவில் வலபியில் தொகுக்கப்பட்ட ஆகமத் தொகுதியைச் சேர்ந்தது. முதற்கதையின் தலைவன் வாணிய கிராமத்து ஆனந்தன். அவன் மகாவீரரிடம் விரதம் ஏற்குமிடத்தில், சாவகன் தவிர்க்க வேண்டிய 15 தொழில்கள் அடுக்கப்படுகின்றன: கரி சுடுதல், காடு வெட்டுதல், வண்டித் தொழில், வண்டியையும் விலங்கையும் வாடகைக்கு விடுதல், நிலம் அகழ்தல், தந்தம், அரக்கு, சாறு, நஞ்சு, மயிர் ஆகியவற்றின் வணிகம், ஆலையாட்டுதல், விலங்குகளுக்குக் காயடித்தல், காட்டுக்குத் தீயிடுதல், நீர்நிலைகளை வற்றச் செய்தல், கொடிய விலங்குகளையும் அடிமைப் பெண்களையும் ஆதாயத்திற்காக வளர்த்தல்.

இவற்றுள் சில சொற்கள் தோற்றத்தினும் ஆழமானவை. 12-ஆம் நூற்றாண்டுக் குஜராத்தில் குமாரபாலனின் அவையில் வாழ்ந்த ஹேமசந்திரர், தம் யோகசாத்திரத்தில் அவற்றை விளக்குகிறார். 'மயிர் வணிகம்' என்பது இருகால், நாற்கால் உயிர்களை விற்பது. அடிமை வணிகமும் அதனுள் அடங்கும். 'சாறு' என்பதில் தேனும் மதுவும் கொழுப்பும் வெண்ணெயும் அடங்கும். 'நஞ்சு' என்னும் தலைப்பின்கீழ்ப் படைக்கலத்தோடு ஏரும் எந்திரமும் இரும்பும் வைக்கப்படுகின்றன. வாளையும் கலப்பையையும் ஒரே தட்டில் வைக்க இன்றைய நிதி நிறுவனம் எதுவும் துணியாது. நார்வே அரசின் ஓய்வூதிய நிதி தன் அறநெறி விதிகளை 2004-இல் வகுத்தது. அவற்றில் நிலக்கரிக்கெனத் தனி விலக்கு சேர 2016 ஆயிற்று. சாவகர் பட்டியலோ கரியடுப்பிலேயே தொடங்குகிறது.

ஆனால் அதே கதை ஆனந்தனின் செல்வத்தையும் கணக்கிடுகிறது. 4 கோடிப் பொன் சேமிப்பில், 4 கோடி வட்டிக்கு, 4 கோடி மனைப் பொருளில்; பத்தாயிரம் மாடுகள் கொண்ட மந்தைகள் நான்கு. விரதம் ஏற்கையில் இவ்வளவைத் தாண்டுவதில்லை என்றே அவன் உறுதியளிக்கிறான். ஆகவே பொன்னில் மூன்றில் ஒரு பங்கு வட்டிக் கடனாகவே தொடர்கிறது. அதை வாங்கியவன் கரி சுடுபவனா, தந்த வணிகனா என்று நூல் கேட்கவே இல்லை.

இது கவனக்குறைவால் நேர்ந்த இடைவெளி எனக் கொள்ள இயலாது. சமண அறவியல் வினையை மூன்றாகப் பகுக்கிறது: செய்தல், செய்வித்தல், உடன்படல். துறவி மூன்றையும் விடுகிறார். சாவகனின் விரதம் பொதுவாக முதலிரண்டோடு நிற்கும். குடும்பமும் ஏவலரும் சூழ வாழ்பவனால் உடன்படலை முழுதும் துறக்க இயலாது என்பது அதன் காரணம். கடன் கொடுத்தவன் காட்டை வெட்டவில்லை, வெட்டச் சொல்லவுமில்லை, வெட்டியதில் விளைந்த ஆதாயத்தில் பங்கு மட்டும் பெறுகிறான். விரதம் எட்டாத மூன்றாம் படியில் அவன் நிற்கிறான். (குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் இதற்கு மாறாக, உண்பவனின் தேவையே விற்பவனைத் தோற்றுவிக்கிறது என்று வாதிடுவது ஒப்புநோக்கத்தக்கது.)

கொல்லாமை சமணரைத் தொழில்களிலிருந்து விலக்கி வணிகத்தையும் வட்டித் தொழிலையும் நோக்கிச் செலுத்தியது என்றார் மாக்ஸ் வேபர். அது பாதி விளக்கமே. 19-ஆம் நூற்றாண்டில் மாளவத்து அபின் சீனத்திற்குச் சென்றபோது, அவ்வணிகத்திற்குப் பணம் இட்டோரில் சமண வணிகரும் இருந்தனர். தொழிலுக்கு விதித்த தடை முதலைத் தொடரவில்லை.

இக்கேள்வி 2017-இல் பம்பாய் உயர்நீதிமன்றத்திற்கு வேறு உருவில் வந்தது. 1910-இல் கல்கத்தாவில் இம்பீரியல் டொபாக்கோ எனத் தொடங்கிய ஐ.டி.சி. நிறுவனத்தில், 1956-இல் அரசுடைமையாகப் பிறந்த ஆயுள் காப்பீட்டுக் கழகம் பெரும் பங்குதாரர்களுள் ஒன்று. புகையிலை விளம்பரத்தைத் தடுக்கும் சட்டத்தை 2003-இல் இயற்றிய அரசு, மறுபுறம் தன் காப்பீட்டு நிறுவனங்கள் வழியே அத்தொழிலின் ஆதாயத்தைப் பெறலாமா என்பதே அப்பொதுநல வழக்கின் வினா. அரசு சிகரெட் செய்வதில்லை, செய்யுமாறு பணிப்பதுமில்லை.