பேச்சுக்குக் கூலி: தலைமை வசீகரமும் ஊதிய நிர்ணயமும்

பேச்சாற்றலும் ஆளைக் கட்டிப்போடும் தோரணையும் உள்ள தலைவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள் என்பதில் மேலாண்மை ஆய்வாளர்களிடையே பெரிய தகராறு இல்லை. ஏன் என்பதில்தான் தகராறு. வசீகரமுள்ளவர் நிறுவனத்துக்குக் கூடுதல் மதிப்பை ஈட்டித் தருகிறார், அதில் ஒரு பங்கு அவருக்குச் சேர்கிறது என்பது வழக்கமான விளக்கம். எனக்கு அது போதுமானதாகப் படவில்லை. வசீகரத்தின் பலனை எண்ணிப் பார்க்க முடிகிற இடங்களில் அதற்குத் தனிக் கூலி கிடையாது. எண்ண முடியாத உச்சியில்தான் அது நல்ல விலைக்குப் போகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கீழ்த்தளத்திலிருந்து தொடங்கலாம். ஜான் அன்டோனாகிஸும் அவருடைய சகாக்களும் பிரிட்டனில் நடத்திய களப் பரிசோதனை 2022இல் ‘மேனேஜ்மென்ட் சயின்ஸ்’ இதழில் அச்சேறியது. நிதி திரட்டும் கடிதங்களை உறையிலிடும் வேலைக்குத் தற்காலிகத் தொழிலாளர்களை அமர்த்தினார்கள். வேலை தொடங்குமுன் நடிகர் ஒருவர் வந்து பேசுவார். ஒரு பிரிவினருக்குச் செய்ய வேண்டியதை விளக்கும் சாதாரணப் பேச்சு. இன்னொரு பிரிவினருக்கு அதே செய்தி, ஆனால் உவமையும் கதையும் கேள்வியும் கையசைவும் குரலின் ஏற்ற இறக்கமும் சேர்ந்த பேச்சு. மூன்றாம் பிரிவினருக்குச் சாதாரணப் பேச்சோடு, செய்த வேலையின் அளவுக்கேற்பக் கூடுதல் பணம். வசீகரப் பேச்சைக் கேட்டவர்கள், சாதாரணப் பேச்சைக் கேட்டவர்களைவிட ஏறக்குறைய 17 சதவீதம் அதிகமாக முடித்தார்கள். பணத்தாசை காட்டியதன் பலனும் கிட்டத்தட்ட இதே அளவுதான்.

சொல்லுக்கு உழைப்பைக் கூட்டும் வலு உண்டு என்று இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம். ஆனால் அந்த 17 சதவீதம் யார் கைக்குப் போயிற்று? பேச்சைக் கேட்டு மாய்ந்து மாய்ந்து வேலை செய்தவர்களுக்கு அதே கூலி. பேசியவரோ கூலிக்குப் பேச வந்த நடிகர். மிச்சம் முழுவதும் வேலை கொடுத்தவருடையது. தொழிற்சாலையிலும் இதுதான் நடப்பு: ஆட்களை உற்சாகப்படுத்தி உற்பத்தியைக் கூட்டும் சூபர்வைசரின் சம்பளம் அவருடைய கிரேடுப்படிதான் நகரும். விற்பனைப் பிரதிநிதி மட்டும் விதிவிலக்கு. பேச்சின் பலன் கமிஷனாக அவர் பைக்கே வந்துவிடும். ஆனால் அது தன் விற்பனைக்கான பணம், பிறரை வழிநடத்தியதற்கான பணம் அல்ல.

இனி உச்சிக்குப் போவோம். ஹென்றி டோசியும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், தலைமைச் செயல் அதிகாரியின் வசீகரம் அவருடைய ஊதியத்தோடும் நிறுவனத்தின் பங்கு விலையோடும் தொடர்புற்றிருந்தது; செயல்திறனின் பிற அளவுகோல்களோடு அப்படித் தொடர்பு தென்படவில்லை. பிராட்லி ஏகிள் குழுவினர் 2006இல் கண்டது இன்னும் சங்கடமானது. முன்பு நன்றாக நடந்த நிறுவனத்தின் தலைவர் வசீகரமானவராகத் தெரிகிறார். அந்த வசீகரத்தை வைத்துப் பின்னால் வரும் செயல்திறனைக் கணிக்க முடியவில்லை. அதாவது வெற்றியின் வெளிச்சம் தலைவர் முகத்தில் விழுகிறது, நாம் அதை அவருடைய தேஜஸ் என்று எண்ணிக்கொள்கிறோம்.

இதற்கு லீ ஐயகோகாவைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார். ஃபோர்டு நிறுவனத்தின் தலைவராக இருந்தவரை 1978 ஜூலையில் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு வெளியேற்றினார். அதே ஆண்டு நவம்பரில், மூழ்கும் நிலையிலிருந்த கிரைஸ்லர் கார் நிறுவனத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். 150 கோடி டாலர் வரையிலான கடனுக்கு அரசு உத்தரவாதம் தரும் சட்டத்தில் 1980 ஜனவரியில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்டார். அதே சட்டம் சங்கத் தொழிலாளர்கள் 46 கோடி டாலருக்கு மேல் ஊதியச் சலுகைகளை விட்டுத்தர வேண்டும் என்றது. ஐயகோகா தன் ஆண்டுச் சம்பளத்தை ஒரு டாலராகக் குறைத்துக்கொண்டார்.

அந்த ஒரு டாலரில்தான் சூட்சுமம். மாக்ஸ் வெபரின் மறைவுக்குப் பின் 1922இல் முழுமையாக வெளிவந்த ‘பொருளாதாரமும் சமூகமும்’ நூல், வசீகர அதிகாரம் ஒழுங்கான வருமானத்தைத் துச்சமாக நினைப்பது என்கிறது. காணிக்கையும் கொள்ளையும் அதற்குச் சம்மதம், மாதச் சம்பளம் ஆகாது. பிற்பாடு அது அன்றாட ஏற்பாடாக இறுகும்போதுதான் பிழைப்புக்கான உத்தரவாதங்கள் நுழைகின்றன. ஐயகோகாவின் ஒரு டாலர் இந்தத் துறவுக் கட்டத்தின் அடையாளம். தலைவரே விட்டுக்கொடுத்தார் என்றபின் கூலிக் குறைப்பை எதிர்ப்பது தொழிலாளருக்குக் கடினமாயிற்று. ஆனால் சம்பளத்தைத் துறந்தவர் கிரைஸ்லர் பங்குகளை வாங்கும் உரிமையைத் துறக்கவில்லை. 1983இல் கடன் ஏழு ஆண்டுகள் முன்னதாகவே அடைபட்டது. தொலைக்காட்சி விளம்பரங்களில் அவர் முகமே நிறுவனத்தின் முகமானது. 1984இல் வந்த தன்வரலாறு விற்பனையில் சக்கைப்போடு போட்டது. 1986இல் அவர் பெற்ற மொத்தத் தொகை 2 கோடி டாலருக்கும் மேல். பெரும்பகுதி பங்கு வழி வந்தது.

இந்த மீட்சியில் அவருடைய பங்கு எவ்வளவு? வாஷிங்டனில் அவர் பேச்சு எடுபட்டது, சந்தேகமில்லை. ஆனால் கிரைஸ்லரை நிமிர்த்திய ‘கே-கார்’ என்ற சிக்கனக் கார்களின் திட்டம் அவர் வருமுன்பே தொடங்கிவிட்டது. கிரைஸ்லருக்கு அள்ளிக்கொடுத்த மினிவேனுக்காகப் போராடிய ஹால் ஸ்பெர்லிக்கும் ஃபோர்டிலிருந்து துரத்தப்பட்டவர்; ஐயகோகாவுக்கு முன்பே கிரைஸ்லருக்கு வந்துவிட்டவர். தொழிலாளர் தியாகம், அரசின் கையெழுத்து, பொறியாளரின் வரைபடம், தலைவரின் பேச்சு ஆகிய நான்கையும் பிரித்து விலைபோட எந்தக் கணக்காளராலும் முடியாது. பிரிக்க முடியாத மொத்தமும் கண்ணுக்குத் தெரிந்த முகத்தின் கணக்கில் ஏறியது. பங்கு வாங்கும் உரிமை என்ற ஏற்பாடு அந்தக் கணக்கைப் பணமாக்கியது: முதலீட்டாளர் மனதில் உள்ள பிம்பம் பங்கு விலையைத் தூக்க, பங்கு விலை தலைவரின் வருமானத்தைத் தூக்குகிறது. ராகேஷ் குரானா 2002இல் எழுதிய நூலில், மீட்பரைத் தேடும் இயக்குநர் குழுக்களின் காலம் ஐயகோகாவிலிருந்தே தொடங்குவதாகக் கண்டது இதனால்தான்.

திறமையானவரைத் தக்கவைக்க அந்த விலை தேவை என்று எதிர்வாதம் சொல்லலாம். உல்ரிக்கே மால்மென்டியரும் ஜெஃப்ரி டேட்டும் 2009இல் வெளியிட்ட ஆய்வு அதைப் பலவீனப்படுத்துகிறது. வணிக இதழ்களின் விருது பெற்ற தலைமை அதிகாரிகளின் ஊதியம் விருதுக்குப் பின் ஏறியது. அவர்களுடைய நிறுவனங்களின் செயல்திறன் பின்தங்கியது. அவர்கள் புத்தகம் எழுதுவதிலும் பிற நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களில் அமர்வதிலும் கூடுதல் நேரம் செலவிட்டார்கள்.

இரு விளக்கங்களையும் நேருக்கு நேர் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. வில்லியம் மேயூ முதலானோர் 2013இல் 792 ஆண் தலைமை அதிகாரிகளின் குரலை அளந்தார்கள். குரல் 22.1 ஹெர்ட்ஸ் தணிந்திருந்தால் ஆண்டு ஊதியம் சுமார் 1,87,000 டாலர் கூடுதலாக இருந்தது. கனத்த குரல்காரர்கள் பெரிய நிறுவனங்களில் அமர்ந்திருந்ததே இதற்கு முக்கியக் காரணம். பெண்கள் அந்தக் கணக்கில் இல்லை. ஊதிய மிகுதி உண்மையில் உற்பத்திக்கானது என்றால், அதே சொல்லுத்திகளைக் கையாளும் பெண் தலைவருக்கும் அதே மிகுதி கிடைக்க வேண்டும். தலைவர் என்றால் இப்படித்தான் இருப்பார் என்று இயக்குநர் குழுவின் மனதில் உள்ள சித்திரத்துக்கானது என்றால், கிடைக்காது. உறை வேலைப் பரிசோதனையில் செய்ததுபோல் பேச்சின் உத்திகளை எண்ணி, அவற்றை ஊதிய ஒப்பந்தங்களோடு ஆண், பெண் இருபாலரிலும் ஒப்பிடுவதுதான் இத்துறையில் அடுத்துச் செய்ய வேண்டிய வேலை.