ஆறரை டிகிரிச் சரிவு

ஆறரை டிகிரி சரிந்த பலகையில் பந்தை ஓடவிட்டு ஆடும் பின்பாலில் உங்களுக்குப் பிடித்த மெஷின் எது என்று கேட்டால் என் வயதுக்காரர்களில் பலர் 'ஆடம்ஸ் ஃபேமிலி' என்பார்கள். நானும் அந்தக் கட்சிதான். 1992-இல் பாலி பெயரில் வந்தது. பேட் லாலரும் லாரி டிமாரும் வடிவமைத்தது. 20,000-க்கும் மேல் விற்றது. மின்னணுக் காலத்துப் பின்பால் மெஷின்களில் அதிகம் விற்றது அதுதான்.

நான் அதை ஆடியது சிகாகோவில், மின்னணுவியல் மேற்படிப்பு படித்தபோது, குடியிருப்புக்குக் கீழே இருந்த லாண்ட்ரியில். துணி உலர்த்த வைத்திருந்த குவார்ட்டர் காசெல்லாம் அதற்குள் போய்விட, ஈரத்துணியை மூட்டை கட்டி மாடிக்குத் தூக்கிப்போன இரவுகள் உண்டு. மெஷினில் ஒரு பெட்டி இருக்கும். மூடி திறந்து ஒரு கை நீளும். விரல்நுனிக் காந்தத்தால் பந்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடும். பலகைக்கு அடியிலும் காந்தங்கள் இருக்கும். அவை இயங்கத் தொடங்கினால், நேராக வரும் பந்து தாறுமாறாக வளையும். இதையெல்லாம்விட என்னை மயக்கியது வேறொன்று. ஒரு குறிப்பிட்ட குறியை மெஷின் தானே அடித்துக் காட்டும். தவறினால் அடுத்த முறை நேரத்தைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்கும். 1992-இல் ஒரு லாண்ட்ரி மூலையில், பட்டறிவால் திருந்தும் இயந்திரம்!

இந்த ஆட்டத்தின் கதை முழுக்க ஒரே வழக்குதான். இது சூதா, திறமையா?

மூலம் பிரான்சின் 'பகடெல்' மேசை விளையாட்டு. பந்தைக் கோலால் தள்ளாமல் ஸ்பிரிங் வைத்த தண்டை இழுத்துவிட்டு அனுப்பும் முறைக்கு 1871-இல் சின்சினாட்டியில் இருந்த மான்டேக் ரெட்கிரேவ் காப்புரிமை வாங்கினார். 1931-இல் டேவிட் காட்லீப் 'பாஃபிள் பால்' கொண்டுவந்தார். பெருமந்தக் காலம்; வேலையில்லாதவன் ஒரு சென்ட்டில் கொஞ்ச நேரத்தைக் கழிக்கலாம். ஐம்பதாயிரத்துக்கும் மேல் விற்றும் தட்டுப்பாடு தீரவில்லை. சரக்குக் கிடைக்காத விநியோகஸ்தர் ரேமண்ட் மலோனி, 1932-இல் 'பாலிஹூ' என்று தானே ஒன்றைச் செய்தார். அந்தப் பெயரில் பாதிதான் பாலி நிறுவனம்.

ஆனால் அவற்றில் ஆடுபவனுக்கு வேலையே இல்லை. தண்டை இழுத்துவிட்டால் ஆணிகளில் முட்டி எங்காவது போய் விழும். பெட்டியை இடித்தும் தூக்கியும் ஏமாற்றினார்கள். அதைத் தடுக்கத்தான் ஹாரி வில்லியம்ஸ் 'டில்ட்' கண்டுபிடித்தார். பின்னாளில் எல்லா மெஷின்களிலும் வந்தது தொங்கும் குண்டு டில்ட். அது ஒரு வளையத்தைத் தொட்டால் ஆட்டம் செத்துவிடும். கொஞ்சம் அசைக்கலாம், அதிகம் அசைக்கக் கூடாது. இவ்வளவு நயமான விதியைச் சட்டப் புத்தகத்தில்கூட நான் பார்த்ததில்லை.

காசு கொடுக்கும் மெஷின்களும் இருந்ததால் அரசுகள் சும்மா இருக்கவில்லை. 1942 ஜனவரியில் நியூயார்க் தடை விதித்தது. மேயர் லா கார்டியா சம்மட்டியோடு நின்று மெஷின்களை உடைக்கும் படங்கள் இன்றும் கிடைக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், உலகத்துக்கே பின்பால் செய்து அனுப்பிய சிகாகோவிலும் 1970-களின் நடுப்பகுதி வரை ஆடத் தடை.

தடை வந்து ஐந்தாண்டு கழித்து, 1947-இல், காட்லீப் நிறுவனத்தின் ஹாரி மேப்ஸ் 'ஹம்ப்டி டம்ப்டி'யில் பிளிப்பர் வைத்தார்; பொத்தானை அமுக்கினால் பந்தைத் திருப்பி அடிக்கும் சிறு துடுப்பு. பக்கத்துக்கு மூன்று, மொத்தம் ஆறு. அடுத்த ஆண்டே ஸ்டீவ் கோர்டெக், ஜென்கோவின் 'டிரிபிள் ஆக்ஷன்' மெஷினில் கீழே இரண்டு போதும் என்று குறைத்துவிட்டார். இன்றைக்கும் அந்த அமைப்புதான். என்னைக் கேட்டால் பின்பால் பிறந்தது அப்போதுதான். முன்னால் இருந்தது வெறும் ஆணிப்பலகை. தாயத்தில் கட்டை விழுவது நம் கையில் இல்லை, காய் நகர்த்துவது நம் கையில். அந்த இரண்டாவது பாதி பின்பாலுக்குக் கிடைத்தது பிளிப்பரால்.

சட்டத்துக்கு இது புரியக் கால் நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. 1974-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் லாஸ் ஏஞ்சலஸ் தடையை நீக்கியது. 1976 ஏப்ரலில் நியூயார்க் நகரமன்றக் குழு முன்னால் ரோஜர் ஷார்ப் என்ற பத்திரிகையாளர் ஆடிக் காட்டினார். பந்து எந்த வழியாக இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லித் தண்டை விட்டார், இறங்கியது. தடை போயிற்று. அந்த ஒரு பந்துக்கு அதிர்ஷ்டமும் துணை நின்றது என்று ஷார்ப்பே பிறகு சொல்லியிருக்கிறார். வழக்கின் அழகே அங்கேதான் இருக்கிறது.

அடுத்த இருபது ஆண்டுகள் பொற்காலம். 1979-இல் வில்லியம்ஸ் நிறுவனத்தின் 'கோர்கர்' பேசியது. தெரிந்தது ஏழே வார்த்தை, ஆனால் இதயத்துடிப்புச் சத்தம் முதுகுத்தண்டில் இறங்கும். 1986-இன் 'ஹை ஸ்பீட்' தன்னைப் போலீஸ் துரத்திய அனுபவத்தை வைத்து ஸ்டீவ் ரிட்சி செய்தது. சிவப்பு சிக்னலை மீறினால் தலைக்கு மேல் விளக்குச் சுழலும். 1997-இன் 'மெடீவல் மேட்னஸ்' கோட்டையை இடித்துத் தள்ளும் சுகத்துக்காகவே பலர் வைத்திருக்கிறார்கள்; நகைச்சுவையில் அதற்கு இணை இல்லை.

இத்தனைக்கும் மேல் எனக்குப் பிடித்தது ஒரு சத்தம். இலவச ஆட்டம் கிடைத்தால் பெட்டிக்குள் ஒரு சோலனாய்டு மரத்தில் 'டக்' என்று அடிக்கும். லாண்ட்ரியில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். எந்த வீடியோ விளையாட்டாலும் அந்தக் கௌரவத்தைத் தர முடியவில்லை. ஆனால் அவைதான் காசைக் கொண்டுபோயின. 1999 அக்டோபரில் வில்லியம்ஸ் பின்பால் பிரிவை மூடியது. அதன்பின் பல ஆண்டுகள் ஸ்டெர்ன் நிறுவனம் மட்டுமே தாக்குப்பிடித்தது. இப்போது புதிய நிறுவனங்களும் வந்திருக்கின்றன. ஆனால் புது மெஷினின் விலையைக் கேட்டால் காரே வாங்கிவிடலாம் என்று தோன்றும்.

அமெரிக்கா போகிறவர்களுக்கு ஒரு யோசனை. லாஸ் வேகாஸில் டிம் ஆர்னால்டு தொடங்கிய 'பின்பால் ஹால் ஆஃப் ஃபேம்' இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. பழைய மெஷின்களில் காசு போட்டு ஆடலாம். சூதாட்ட விடுதியில் தொலைக்க நினைத்ததில் கொஞ்சத்தை அங்கே செலவழியுங்கள். பந்து இறங்கும்போது இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அமுக்காதீர்கள். எந்தப் பக்கம் வருகிறதோ அதை மட்டும் அமுக்குங்கள்.